விழுந்தவருக்கு நீட்டிய கை

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் பதிவாகியுள்ளன. எனக்கு வயது அறுபத்து நான்கு. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பின் மன்றக் கூடத்தில் காலை வேளைகளில் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்து வருகிறேன். புகார்தாரரின் கையை உடைத்ததாகச் சொல்லப்படும் மருந்துக்கடை ஊழியர் என் கணவரின் தங்கை. எனக்கு நாத்தனார். வயது ஐம்பத்திரண்டு. என்னிடம் பயிற்சி பெற்றவள். பிறகு இன்னொருவரிடமும் பயிற்சி பெற்றவள். அந்த இன்னொருவரைப் பற்றிப் பேசும்போது என் குரல் மாறினால் எழுத்தர் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்பு தொடங்கிய புதிதில் நாத்தனார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "தள்ளிவிட்டோம், அவன் விழுந்துட்டான், சரி. அதுக்கப்புறம் என்ன பண்ணணும் அண்ணி?" என்றாள். நான், "ஓடணும்" என்றேன். "அப்போ தள்ளாம முதல்லயே ஓடிடலாமே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கையாகக் கேட்டதுதான் என் முதல் பாடம் என்று சொல்லி, கால்பந்து ஆட்டத்தை உதாரணமாகக் காட்டினேன். கோல்காவலர் கோல் போட வேண்டியதில்லை. பந்து உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் அவர் வேலை முடிந்தது. தற்காப்பும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் தோற்க வேண்டிய அவசியமே இல்லை, நாம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தால் அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களைச் சந்திக்கும் இடம்தான் கதவு, அந்தப் பக்கமாகத் திருப்பினால் கை வெளியே வரும். அதன் பிறகு இரண்டு உள்ளங்கையாலும் மார்பில் தள்ள வேண்டும், சத்தம் போட வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கும் பக்கமாக ஓட வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் வீட்டு வேலையும் கடை வேலையும் பார்க்கிற பெண்கள் என்பதால் இவ்வளவு போதும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வழக்குக்கு அது முக்கியம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். பயிற்சியில் ஒருவர் தள்ளி மற்றவர் மெத்தையில் விழுந்ததும், தள்ளியவர் உடனே போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். பள்ளியில் சிறுமிகளுக்கும் அதையே பழக்கினேன். அது சண்டையைப் பகையாக மாறவிடாது. மன்றக் கூடத்தில் ஒரு பெண் இப்படித் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால், அதன் பிறகு முழங்காலை மடக்கி, இடது கையை இடது முழங்காலில் ஊன்றி, வலது கையை உள்ளங்கை மேலே பார்க்க நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தள்ளு, தூக்கு, தள்ளு, தூக்கு என்று என் விசிலுக்கு அவர்கள் செய்வதைப் பார்த்தால் நடனம் போல இருக்கும். எனக்கு அதில் பெருமை இருந்தது.

அதன் பிறகு சென்ற மழைக்காலம் முடிந்த சமயத்தில், ராணுவத்தில் கைச்சண்டைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் குடியிருப்புக்குக் குடிவந்தார். எல்லோரும் அவரைப் பட்டாளத்தார் என்றார்கள். ஒரு தோள் சற்றே இறங்கியிருக்கும். அதிகம் பேசமாட்டார். மன்றச் செயலாளர் அவருக்கு அதே கூடத்தை மாலையில் ஒதுக்கினார். முதலில் காவலாளிகளும் பொட்டலம் கொண்டுபோகிற பையன்களும் போனார்கள். அதன் பிறகு என் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக மாலைக்கு மாறினார்கள். காலையில் வீட்டு வேலை சரியாக இருக்கிறது என்றார்கள். என்னிடம் இத்தனை காலம் வந்தபோது அந்த வீட்டு வேலையை யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

என் வகுப்பில் எத்தனை பேர் என்பதை வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே சொல்லிவிடலாம். பட்டாளத்தார் வகுப்பில் காலணியோடுதான் பயிற்சி, மெத்தையும் கிடையாது. ஆகவே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள நான் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. மாலையில் பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன். பால்கடை எங்கள் வீட்டுக்கு இடது பக்கம், கூடம் வலது பக்கம். என் கணவர் ஒருநாள், "பால் கடையை எப்பம்மா மாத்தினாங்க?" என்று கேட்டார்.

அப்படி ஒரு மாலை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வெறும் தரையில் ஒருவர் விழுந்தார். தள்ளியவர் கை கொடுக்கவில்லை. சுவர் வரை பின்வாங்கிப் போய், இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். விழுந்தவர் தானாக எழுந்தார். இது என்ன மரியாதை இல்லாத வகுப்பு என்று நினைத்தேன். அதன் பிறகு தலையைத் திருப்பியபோது, அந்தக் கூட்டத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் நாத்தனார் நிற்பதைக் கண்டேன். அதற்கு முந்தைய வாரம் அவள் முன்கை கன்றிப் போயிருந்தது. கேட்டதற்கு, "மருந்து அலமாரி இடிச்சிருச்சு அண்ணி" என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"அலமாரி இப்பல்லாம் ஆளைத் தேடி வந்து இடிக்குதா?"

"கோவப்படாதீங்க அண்ணி. காலைல உங்க கிட்டயும் வரேன்ல?"

"நான் சொல்லித் தராத எதை அவர் சொல்லித் தரார்?"

"உங்க வகுப்புல எல்லாரும் நான் தள்ளினா விழறாங்க அண்ணி. அங்க யாரும் விழ மாட்டேங்கறாங்க."

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. என் கணவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி போனதுக்காகப் பட்டினியா, கூட்டம் போனதுக்காகவா?" என்றார். இரண்டுக்கும்தான்.

அதன் பிறகு ஒருநாள் காலை வகுப்பு முடிந்ததும் என் விசிலை வேண்டுமென்றே கூடத்தில் வைத்துவிட்டு வந்து, மாலையில் அதை எடுக்கப் போகிறவள் போலப் பட்டாளத்தாரின் வகுப்புக்குள் நுழைந்தேன். இடைவேளை. அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கடைக்கும் ஆபீஸுக்கும் போகிற பெண்களுக்குப் பட்டாளத்துச் சண்டை எதற்கு என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"டீச்சர், பட்டாளத்துல கையால சண்டை போடற நிலைமை வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி எல்லாமே தப்பாப் போயிருச்சுன்னு அர்த்தம். துப்பாக்கி கைல இல்ல. முதுகுல மூட்டை. ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. அந்த நேரத்துல சிக்கலான பிடியெல்லாம் ஞாபகத்துக்கே வராது. முழங்கை, முழங்கால், உடம்பு எடை, அவ்வளவுதான். முக்கியமா, ஓட முடியாது. அந்த இடத்துல நில்லுன்னுதான் அனுப்பியிருக்காங்க. அதனால எதிராளி மறுபடி எழுந்திரிக்கக் கூடாது. அதுக்குத்தான் எங்க பாடம்."

"எங்க பாடம் வீட்டுக்குப் போறதுக்கு" என்றேன்.

"உங்களோடதுதான் முதல்ல தெரிஞ்சிருக்கணும்" என்றார். "இங்க வரவங்ககிட்ட நானும் அதையேதான் சொல்றேன். காலணி போட்டுட்டு, வெறுந்தரையில பண்ணச் சொல்றது கூட, தெருவுல மெத்தை இருக்காதுன்னுதான். ஓட முடிஞ்சா ஓடு. என்னோடது, ஓட முடியாத இடத்துக்கு மட்டும்."

அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒத்துக்கொண்டுவிட்டார். விசிலையும் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு நாத்தனார் ஒருநாள் காலை என் வகுப்பில் சொன்னாள், "நேத்து பழக்கதோஷத்துல கீழ விழுந்த பொண்ணுக்குக் கை குடுக்கப் போயிட்டேன் அண்ணி. மாஸ்டர் அங்கிருந்தே கத்தினார், கையை எடுன்னு. கூடமே திரும்பிப் பாத்துச்சு" என்று. அவள் சிரித்தபடிதான் சொன்னாள். எனக்கு அது என்னையே சொன்னது போல இருந்தது. "அவர் சொல்றார்னு மனுஷத்தன்மையை விட்டுடாதே. இங்க வர வரைக்கும் நீ கை குடுத்துத்தான் ஆகணும்" என்றேன். அதன் பிறகு என் வகுப்பில் அவளை மற்றவர்களைவிட அதிகமாகவே தள்ளவும் தூக்கவும் வைத்தேன். இதை ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மன்றக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். "விழுந்தவருக்குக் கை குடுக்கத் தெரியாதவர்கிட்ட நம்ம பொண்ணுங்களை விட்டா, நாளைக்கு யாரோட கையையாவது உடைச்சுட்டு வந்து நிப்பாங்க" என்று சொன்னது உண்மை. மன்றச் செயலாளர் இதைக் காவல் நிலையத்தில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவர் சொன்னது சரி. நான் பேசியபோது பட்டாளத்தாரும் கூட்டத்தில் இருந்தார். "டீச்சர் பயப்படறதுல நியாயம் இருக்கு" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. நாத்தனார் சொன்னது இது. புகார்தாரர் டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டுப் பலமுறை கடைக்கு வந்தவர். அன்றும் காலையில் வந்து, இல்லை என்றதும் திட்டிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்காக நாத்தனார் ஷட்டரைப் பாதி இறக்கியபோது திரும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டு தள்ளினாள். அவர் விழுந்தார். "அதுக்கப்புறம் நான் எப்படிக் கீழ போனேன்னே தெரியல அண்ணி. அவர் ஒரு கையில என் கை இருக்கு, இன்னொரு கை ஷட்டர் இழுக்கற கொக்கிக் கம்பியைத் துழாவுது. மாஸ்டர் சொன்ன மாதிரி அவர் முழங்கை மேல சாஞ்சேன். சத்தம் கேட்டுச்சு" என்றாள். விழுந்தவரை நோக்கி ஏன் திரும்பிப் போனாய் என்று காவல் நிலையத்தில் கேட்டபோது, தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். கேட்கிறவர்களுக்கு அது மறைப்பது போலத்தான் தோன்றும்.

புகார்தாரர், தான் மருந்து கேட்டு மட்டுமே வந்ததாகவும், விழுந்து கிடந்த தன்னிடம் திரும்பி வந்து கையைப் பிடித்து உடைத்ததாகவும் கூறியுள்ளார். மருந்துக்கடை முதலாளி, தீர்ப்பு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு வருமானம் இல்லை. என் கணவர் அன்றிலிருந்து என்னிடம் கிண்டலாக எதுவும் பேசுவதில்லை.

அதன் பிறகு விசாரணைக்காக என்னை அழைத்தார்கள். பெண் உதவி ஆய்வாளர், மருந்துக்கடைக்கு எதிரில் உள்ள நகல் எடுக்கும் கடையின் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். அதில் ஒலி இல்லை. புகார்தாரர் பிடிக்கிறார். நாத்தனார் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பிக் கையை விடுவிக்கிறாள். தள்ளுகிறாள். அவர் குதிகால் கடைப் படியில் தட்டி உட்கார்ந்தவாக்கில் விழுகிறார். அவளுக்குப் பின்னால் தெரு திறந்து கிடக்கிறது. அவள் ஓடவில்லை. அவர் பக்கம் போய்க் குனிந்து கையைப் பிடிக்கிறாள். அடுத்த கணம் அவளும் கீழே இருக்கிறாள். அவர் கை மடங்கக் கூடாத பக்கமாக மடங்குகிறது.

உதவி ஆய்வாளர், "ஓடியிருக்கலாம்ல? எதுக்கும்மா திரும்பப் போனாங்க? கூட்டத்துல நீங்க சொன்னது இதைத்தானே?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். பரீட்சையில் எப்போதும் முதலாவதாக வரும் பக்கத்து மேசைப் பெண் தப்பாக எழுதுவதைப் பார்த்துவிட்ட சிறுமிக்கு வருகிற சந்தோஷம். என் நாத்தனார் எதிர் அறையில் இருக்கும்போதே அது எனக்கு வந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் மாலை வகுப்பு அன்றோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்ல வாயையும் திறந்தேன்.

அதன் பிறகு, எந்தக் கையால் பிடித்தாள் என்று சரியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுபடி போடச் சொன்னேன். இந்த முறை அவள் இடது கையைப் பார்த்தேன். அது இடது முழங்காலில் ஊன்றியிருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது. வலது கை, உள்ளங்கை மேலே பார்க்க நீண்டிருந்தது. இடுப்பு பிடிக்காமல் இருப்பதற்காக நான் சொல்லிக் கொடுத்த அதே நிலை. தாக்கப் போகிறவர் தன் கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு போகமாட்டார். பிடித்து முறுக்கப் போகிற கையின் உள்ளங்கை கீழே பார்க்கும். அவள் அந்த மனிதரை உடைக்கப் போகவில்லை. தூக்கிவிடப் போனாள். தள்ளு, தூக்கு.

அடுத்த நொடியையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். அவளாகக் கீழே இறங்கியிருந்தால் முழங்கால் முதலில் தரையைத் தொட்டிருக்கும். ஆனால் அவள் குதிகால்கள் தரையை விட்டு எழும்பி, தலை முன்னால் போகிறது. கை பிடித்து இழுக்கப்பட்டவர்கள் விழுவது அப்படித்தான். மைதானத்தில் இதை நான் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன். கம்பியின் நுனி அசைவதும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. கை உடைந்ததும் அவள் இன்னொரு அடி கூட அடிக்கவில்லை. எழுந்து சுவர் வரை பின்வாங்கி, இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து ஆட்களைக் கூப்பிடுகிறாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து மரியாதை இல்லாத வகுப்பு என்று நினைத்தேனே, அதுதான் இது.

அதன் பிறகு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன். பட்டாளத்தார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் படத்தைக் காட்டியிருந்தார்கள்.

"கையைப் பாத்தீங்களா டீச்சர்?" என்றார்.

"பாத்தேன். உங்க கிட்ட என்ன கேட்டாங்க?"

"அந்தக் கைப்பூட்டுப் பிடி யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. நான்தான், பொறுப்பும் என்னோடதுதான்னு சொல்லிட்டேன்."

"நீட்டின கையைப் பத்தி?"

"சொல்லல."

"ஏன்?"

"அது உங்க பாடம். நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

இதிலும் அவரே முந்திக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்காமலே உள்ளே போனேன்.

ஆகவே நான் சொல்வது இது. ஓட முடிகிற இடத்திலிருந்து ஓட முடியாத இடத்துக்கு என் நாத்தனாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் பாடம். அங்கிருந்து அவளை எழுப்பியது பட்டாளத்தாரின் பாடம். அந்தக் கையை எடுத்துவிட அவர் முயன்றார். அவர் சொன்னார் என்பதற்காகவே நான் அதை அவள் உடம்பில் இன்னும் ஆழமாக ஏற்றினேன். ஏன் திரும்பிப் போனேன் என்பது தெரியவில்லை என்று அவள் சொன்னது பொய் அல்ல. பழகிய கை உத்தரவுக்குக் காத்திருக்காது, அதற்காகத்தான் பழக்குகிறோம். ராணுவப் பயிற்சி பெற்றதால் அவள் விழுந்தவரைத் தாக்கினாள் என்ற முடிவுக்கு என் கூட்டத்துப் பேச்சு காரணமாக இருக்குமானால், அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். என் வகுப்பின் வழக்கத்தைப் பற்றி அங்கு பயிலும் எந்தப் பெண்ணையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். தள்ளிக் காட்டச் சொன்னால் போதும், மீதியை அவர்களே செய்வார்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கும் பட்டாளத்தாருக்கும் 'கருத்து வேறுபாடு' இருந்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்தார். 'பொறாமை' என்று திருத்தச் சொன்னேன். இருந்தது என்பதையும் இருக்கிறது என்று மாற்றச் சொன்னேன். அதற்கு அவர், அந்த வாக்கியமே வழக்குக்குத் தேவையில்லை என்று முழுவதையும் அடித்துவிட்டார். ஆகவே இங்கே மறுபடி சொல்லி எழுதவைக்கிறேன். இப்போதும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. மற்றபடி இதில் உள்ளது எல்லாம் என் கண் கண்டதும் என் அறிவுக்கு எட்டியதும்தான். யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவில்லை. என் கையாலேயே கையெழுத்திடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லும் முன் ஒன்று செய்து பார்க்க வேண்டும். உங்கள் எதிரில் ஒருவரைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள், பிறகு எழச் சொல்லுங்கள், அவர் எழும்வரை உங்கள் கையை நீட்டாமல் நில்லுங்கள்.

(கையொப்பம்)
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை